விண்டோஸ் வக்ரகதி: பழைய பதிப்புக்குத் திரும்பும் மரபு குறித்த ஆய்வு

கோள்களுக்கு வக்ரகதி உண்டு என்று பஞ்சாங்கம் ஆண்டுதோறும் அச்சிடுகிறது. கணினிக்கும் அது உண்டு என்பதை முனைவர் பட்டத்துக்குரிய பொருளாக யாரும் மதிப்பதாகத் தெரியவில்லை. அக்குறை போக்க எழுந்ததே இக்கட்டுரை. புது விண்டோஸ் ஏறிய கணினியை மறுபடி பழைய விண்டோஸுக்கே இறக்கும் செயல் ஈண்டு ஆராயப்படுகிறது. ஆப்பிள், லினக்ஸ் நெறியினர் தத்தம் மடங்களில் செய்துகொள்ளும் சடங்குகள் ஆய்வெல்லைக்குப் புறம்பானவை. அவர்களோடு வாதிடும் தெம்பு ஆய்வாளருக்கு இல்லை.

இத்துறையின் பொற்காலம் விஸ்டா காலமே. 2007 ஜனவரி இறுதியில் கடைக்கு வந்த விஸ்டா, ஒரு மென்பொருளை நிறுவப் போனால் திரையை இருட்டாக்கிவிட்டு அனுமதி கேட்டது. பழைய பிரிண்டரைக் கண்டால் யாரோ போல் விழித்தது. ஜனங்கள் எக்ஸ்பியைத் தேடி ஓடினார்கள். அதற்கு உரிம ஒப்பந்தத்திலேயே வழி இருந்தது: விஸ்டா பிசினஸ், அல்டிமேட் பதிப்புகளோடு கணினி வாங்கியவர்கள் எக்ஸ்பி ப்ரொஃபஷனலுக்கு இறங்கிக்கொள்ளலாம். அஃதாவது, புதியதற்குப் பணம் கட்டிப் பழையதைப் பெறும் உரிமை. ஹோம் பதிப்பு வாங்கியவர்களுக்கு இவ்வுரிமை இல்லை. பின்னால் போவதற்கும் வசதி வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

2008இல் மைக்ரோசாஃப்ட் ஒரு சோதனை நடத்தியது. விஸ்டாவை மதிக்காத சிலரை அழைத்து, ‘மோஹாவி’ என்ற புது இயங்குதளம் என்று சொல்லி விஸ்டாவையே காட்டியது. பார்த்தவர்கள் பிரமாதம் என்றார்கள். பிறகு குட்டை உடைத்து, அதையே விளம்பரமாகவும் ஆக்கிக்கொண்டது. விஸ்டாவின் மேல் இருந்தது வெறும் வீண்பழி என்பது நிறுவனத்தின் துணிபு. அத்துணிபு பொருந்தாது. என்னை? அந்த அறைக்குள் யாரும் தம் வீட்டுப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை என்க.

இனி இக்கட்டுரையின் மூல விதி. எந்தப் பதிப்பும் வெளிவந்த அன்று நல்லதாக இருப்பதில்லை. அடுத்தது வெளிவந்த அன்றே நல்லதாகிறது. எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தபோது, பச்சையும் நீலமுமாகப் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. 2014 ஏப்ரல் 8இல் அதற்கு ஆதரவு நின்றபோது ஊரே துக்கம் காத்தது. விண்டோஸ் 10இன் கதையும் இதுவே. 2015இல் அது வந்த புதிதில், ஏழாம் பதிப்பில் நிம்மதியாக இருந்தவர்களின் திரையில் ‘மேம்படுத்திக்கொள்ளுங்கள்’ என்று வந்து வந்து நின்று எல்லோரிடமும் வசவு வாங்கியது. 2021இல் பதினொன்று வந்து ஸ்டார்ட் பொத்தானை நடுவில் நகர்த்தியதும், பத்து புனிதமடைந்தது. வக்ரத்தில் கோளும் உண்மையில் பின்னால் போவதில்லை. பார்க்கிறவர் நிற்கும் பூமி நகர்வதால் அப்படித் தெரிகிறது.

விலக்குகள் இரண்டு. விண்டோஸ் 7 பிறந்தபோதே பாராட்டப்பட்டது. விஸ்டாவுக்கு அடுத்துப் பிறந்ததே அதன் ஜாதக விசேஷம். ஸ்டார்ட் பொத்தானையே தூக்கிவிட்ட எட்டுக்குத் திரும்ப ஏங்கும் ஒருவரை ஆய்வாளர் இன்னும் கண்டதில்லை.

அடுத்து, சடங்கு. பதினொன்றிலிருந்து பத்துக்குப் போக செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று நுழைந்து ‘கோ பேக்’ பொத்தானை அழுத்த வேண்டும். உடனே விட்டுவிடாது. ஏன் போகிறீர்கள் என்று கேட்டு, காரணங்களுக்கு எதிரே கட்டங்கள் வைத்திருக்கும். பழையது எளிதாக இருந்தது, வேகமாக இருந்தது என்பனவும் அவற்றுள் அடக்கம். டிக் செய்தால், ஒரு அப்டேட் போட்டுப் பார்க்கலாமே என்று சமாதானம் பேசும். மறுத்தால், பிறகு நிறுவிய மென்பொருள்கள் போய்விடும் என்று எச்சரிக்கும். பழைய பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று விசாரிக்கும். கடைசியில், முயன்று பார்த்ததற்கு நன்றி என்று சொல்லிக் கதவைத் திறக்கும். வேலையை விடுகிறவரிடம் மனிதவள அதிகாரி கூட இவ்வளவு முறையாக நடந்துகொள்வதில்லை.

இந்த வசதிக்குக் கெடு பத்து நாள். 2016 வரை ஒரு மாதம் இருந்தது. கெடு முடிந்ததும், பழைய உடைமைகள் கிடக்கும் ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறையை விண்டோஸே அழித்துவிடும். அதன் பிறகு ஃபார்மேட்தான். கடைக்காரர் பென்டிரைவைச் செருகியபடியே கேட்பார்: “சார், சி டிரைவ்ல முக்கியமா ஒண்ணும் இல்லல்ல?” “அதுல ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் டெஸ்க்டாப்லதான் வச்சிருக்கேன்.” டெஸ்க்டாப்பும் சி டிரைவுக்குள்தான் இருக்கிறது என்ற நுட்பம், தங்கையின் கல்யாணப் போட்டோக்கள் போன பிறகே பலருக்கு விளங்குகிறது.

பத்துக்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14இல் நின்றுவிட்டதால், இனி அங்கே இறங்குவோர் பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குத் தனி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அப்படியும் போயே தீருவேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப் ஓட்டும்போது, முந்தைய விண்டோஸ் நிறுவல்கள் என்ற கட்டத்தில் மட்டும் டிக் போடாதீர்கள். பத்து நாள் போதாது என்றால், டிஐஎஸ்எம் கட்டளை கொடுத்து 60 நாள் வரை நீட்டித்துக்கொள்ளலாம். ஆனால் அதைக் கெடு முடியுமுன் செய்ய வேண்டும்.