நிரம்பாத தொட்டிகள்: ஓர் ஆய்வு

தமிழ்க் குடும்பப் பெருமிதங்களைத் தொகுக்கப் புறப்பட்டவர்கள் மகனின் பேக்கேஜ், மருமகளின் ஊர், மனையின் விலை ஆகிய மூன்றோடு நின்றுவிட்டார்கள். நான்காவது ஒன்று உண்டு. "வீடு கட்டி இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு சார், இதுவரைக்கும் செப்டிக் டேங்க் நிரம்பினதே இல்ல!" புறநகர் எதுவானாலும் இந்த வாக்கியம் பெரிய பாடபேதம் இல்லாமல் கிடைக்கிறது. சொல்பவர் பெரும்பாலும் ஆண், பணி ஓய்வு பெற்றவர், கட்டும்போது கூடவே நின்று செங்கல் எண்ணியவர். அவர் கூற்றைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தோற்றம். கீழடியில் உறைகிணறுகள் கிடைத்ததை வைத்து செப்டிக் டேங்கையும் நம் கணக்கில் சேர்த்துவிட ஆசைதான். சான்று ஒத்துழைக்கவில்லை. பெருமை பிரான்சுக்குப் போகிறது. ழான் லூயி மூராஸ் என்பவர் 1860களில் ஒரு தொட்டி கட்டி, பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தாராம். எதிர்பார்த்த கசடு இல்லை, பெரும்பாலும் நீராகிவிட்டிருந்தது. 1881இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். நம் பெருமிதக்காரர்களின் மூலபுருஷர் இவரே. 1890களில் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்ட் கேமரன் அதை ஊரளவுக்கு வளர்த்து, இன்றைய பெயரையும் வைத்தார்.

இனி கோட்பாடு. தொட்டிக்குள் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிரிகள் சம்பளமில்லாமல் வேலை பார்க்கின்றன. கனமானது அடியில் வண்டலாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் மேலே மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர். ஒரு வாளி உள்ளே வந்தால் ஒரு வாளி வெளியே போகும், அங்கிருந்து உறிஞ்சுகுழிக்கு. ஆக, ஒழுங்காகக் கட்டிய தொட்டி குடிபுகுந்த கொஞ்ச நாளிலேயே நிரம்பிவிடும். அதன்பின் எப்போதும் நிரம்பியே இருக்கும். ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தரவிதியோ, பயன்படுத்தத் தொடங்கும் முன்பே தண்ணீர் ஊற்றி நிரப்பி, கொஞ்சம் மக்கிய சாணமாவது போடச் சொல்கிறது.

அப்படியானால் இருபத்தைந்து வருஷமாக நிரம்பாத தொட்டி? அதற்கு அடித்தளம் இல்லை என்பதைத் தவிர வேறு முடிவுக்கு வர இயலவில்லை. நான்கு சிமெண்ட் உறையை இறக்கி, "கீழ காங்கிரீட் வேணாம் சார், மண்ணே இழுத்துக்கும்" என்று மேஸ்திரி சொன்ன அந்த மதிய வேளையில் இந்தப் பெருமிதம் பிறந்திருக்கிறது. மண் இழுத்துக்கொண்டதில் சந்தேகமில்லை. அரை கிரவுண்டு மனையில் அந்த மண்ணுக்குள்தான் போரும் இருக்கிறது. மோட்டார் போட்டால் அதுவும் இழுக்கிறது.

அடித்தளம் உள்ள தொட்டிக்கும் ஓய்வு கிடையாது. நீர் போனாலும் வண்டல் போவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். நீளமான கழியில் வெள்ளைத் துணி சுற்றி அடிவரை விட்டு எடுத்தால், எவ்வளவு உயரம் கறுத்திருக்கிறதோ அவ்வளவு வண்டல். ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரியைக் கூப்பிட வேண்டியதுதான். இந்த எளிய அளவையை யாரும் செய்வதில்லை. அதற்குப் பதில் வெல்லம், ஈஸ்ட், ஆன்லைனில் வாங்கிய பவுடர் என்று வைத்தியம் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆசிட் ஊற்றிக் கழிப்பறையைப் பளபளப்பாக்கி உள்ளே இருந்த நுண்ணுயிரியைக் கொல்வது, சனிக்கிழமை பாக்கெட்டில் வந்த நுண்ணுயிரியைக் குடிவைப்பது: இந்தச் சுழற்சிக்குத் தத்துவப் பெயர் ஏதும் இதுவரை சூட்டப்படவில்லை.

லாரியைக் கூப்பிடும் நாளில்தான் ஆய்வின் கடினமான பகுதி தொடங்குகிறது: மூடி எங்கே? வரைபடத்தில் அது வடமேற்கில் இருக்கிறது. வீட்டம்மா கார் நிற்கும் இடம் என்கிறார். ஐயா துளசி மாடத்தைக் காட்டிவிட்டு வானத்தைப் பார்க்கிறார். கட்டிய மேஸ்திரி காலமாகிவிட்டார். கடைசியில் லாரியில் வந்த தம்பி கடப்பாரையின் பின்பக்கத்தால் டைல்ஸ் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகிறார். ணங், ணங், ணங், தொம். "இங்கதாண்ணே." தமிழகத் தொல்லியலில் இவ்வளவு குறைந்த கூலிக்கு இவ்வளவு துல்லியமான கண்டுபிடிப்பு வேறில்லை. "இது இட்டாலியன் டைல்ஸ்ப்பா, பாத்து" என்கிறார் ஐயா. உடைகிறது.

லாரிக்காரரின் எண் எங்கே கிடைத்தது என்பதும் ஆய்வுக்குரியது. மின்கம்பம், காலிமனைச் சுவர், பாலத்தடி எங்கும் பத்து இலக்கங்கள் அச்சுத்தகடு வைத்து எழுதப்பட்டிருக்கின்றன. ஆங்காங்கே மழையில் ஓர் இலக்கம் சிதைந்திருக்கும். கூப்பிட்டால் எடுப்பவர் கேட்பது ஒன்றே: "எத்தன லோடு?" நாம் திருப்பிக் கேட்க வேண்டியது இரண்டு. உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா? எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு மறுமுனையில் மௌனம் நிலவினால், அந்த லோடு இன்றிரவு ஏதோ ஓர் ஓடையில் இறங்கும் என்று பொருள். தமிழ்நாட்டில் இதற்கென்றே கசடு கழிவு சுத்திகரிப்பு நிலையங்கள் உண்டு. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழிதான் முன்னோடி.

ஓர் இடத்தில் மட்டும் ஆய்வாளர் தன் வேடத்தைக் கழற்றியாக வேண்டும். அடியில் கெட்டியாகிவிட்டது, ஹோஸ் இழுக்கவில்லை, "ஆள் இறங்கி வழிச்சா ஆயிரம் கூடக் குடுத்துடறேன்" என்று சில வீட்டுக்காரர்கள் சொல்கிறார்கள். தொட்டிக்குள் இருப்பது ஹைட்ரஜன் சல்பைடு. அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே முதலில் மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவர் ஏறுவதில்லை, அவரைத் தூக்க இறங்கியவரும் ஏறுவதில்லை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பதும் சோதனை ஆகாது. உள்ளே மீத்தேனும் இருக்கிறது. பாதுகாப்புச் சாதனமில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொல்லியிருக்கிறது. ஹோஸ் இழுக்கவில்லை என்றால் தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி இழுக்கலாம், இன்னொரு லோடுக்குக் காசு கொடுக்கலாம். ஆள் இறங்கத் தேவையே இல்லை.

தொட்டியைச் சுத்தம் செய்ய அழைக்க வேண்டிய உதவி எண் 14420. மின்கம்பத்தில் தேட வேண்டாம், மீட்டர் பெட்டிக்குள் இப்போதே எழுதி வையுங்கள். மூடியின்மேல் டைல்ஸ் ஒட்டியிருப்பவர்கள் முதலில் கொத்தனாரைக் கூப்பிடவும், லாரி அப்புறம்.