முதுகுக்குக் கீழே ஒரு போர்வை

குளிர் மேலேயிருந்துதான் இறங்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. அதனால்தான் மார்கழியில் தலைக்கு மஃப்ளரும் காலுக்கு வெறும் ஹவாய் செருப்புமாகப் பால் வாங்கக் கிளம்புகிறோம். ஹம்மாக் என்னும் தொங்கும் தூளியில் ஒரு ராத்திரி படுத்தவனுக்கு இந்த நம்பிக்கை விடிவதற்குள் போய்விடும்.

நான் இருப்பது அட்லாண்டாவின் வடக்குப் புறநகரில். சனிக்கிழமை காரை எடுத்தால் வெயில் ஏறுவதற்குள் ஜார்ஜியா மலைகள் வந்துவிடும். சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமான அப்பலாச்சியன் நடைபாதை அங்கே ஸ்பிரிங்கர் மலையில்தான் தொடங்குகிறது. தீரர்கள் மெய்ன் மாநிலம் வரை நடக்கிறார்கள். நான் ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்கு வீடு திரும்புகிற ரகம். இரண்டு மரம் கிடைத்தால் ஹம்மாக்கைக் கட்டிவிடலாம். கல், வேர், சரிவு எதுவும் முதுகைத் தொடாது. காற்று தொடும்.

ஸ்லீப்பிங் பேக் இருக்கிறதே என்பீர்கள். அதன் அடிப்பாகம் நம் எடையில் நசுங்கிவிடும். பஞ்சு சூடு தருவதில்லை, சூடு நம்முடையது. பஞ்சுக்குள் அடைபட்ட காற்று அதை வெளியே விடாமல் காக்கிறது, அவ்வளவுதான். நசுங்கிய பஞ்சில் காற்று ஏது? கீழே வீசும் காற்று இருக்கிற சூட்டையும் வாரிக்கொண்டு போகும். எந்தப் பாகம் முதலில் விறைக்கும் என்பதைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது.

இதற்கு மருந்து அண்டர்குவில்ட். ஹம்மாக்குக்கு வெளியே, அடியில், எலாஸ்டிக் கயிற்றில் தொங்கும் போர்வை. நம் எடை அதன்மேல் விழாததால் பஞ்சு உப்பியபடியே இருக்கும். நல்லதாக வாங்கினால் 200 டாலருக்கு மேல். வீட்டில் தையல் மெஷின் இருக்கிறது, நானோ திருப்பூர்க்காரன். நாமே தைத்துவிடலாம் என்று அறிவித்தேன்.

"காட்டுல போய் நடுங்கறதுக்கு ஏனுங்க இத்தனை பாடு? வீட்டுலயே ஏசியக் கூட்டி வெச்சுட்டுப் படுங்க" என்றாள் மனைவி.

வீடியோ காலில் அம்மாவுக்கு வேறு கவலை. "ஏஞ்சாமி, தூளி கட்டிப் படுக்கற வயசா உனக்கு? சரி, போடி இலவம்பஞ்சு ரெண்டு கிலோ பார்சல் போட்டு உடட்டுமா?"

சிரித்துத் தள்ளக்கூடிய யோசனை அல்ல. இலவம்பஞ்சு எடை குறைவு, தண்ணீரில் சுலபமாக நனையாது. ஒரு காலத்தில் கப்பல்களில் உயிர்காப்பு உடைக்குள் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் மெத்தைக்குள் அது எங்கே போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியும்: படுக்கிறவனுக்கு அடியில் தவிர மற்ற எல்லா இடத்துக்கும். அதைப் பிரித்து அடித்துத் திரும்ப அடைக்க ஸ்பிரிங்கர் மலையில் ஆள் கிடைக்காது.

வாத்து இறகு? எடைக்கு எடை பார்த்தால் அதற்கு இணை இல்லை. ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப் படுத்துவிடும். மழைச் சாரலும் பனிமூட்டமும் தட்டுகிற இடமே ஹம்மாக்கின் அடிதான். தவிர, இறகு ஓரிடத்தில் நிற்க உள்ளே அறை அறையாகத் தடுப்பு தைக்க வேண்டும். அடைக்கும்போது வீட்டில் யாரும் தும்மக் கூடாது. எனக்கு டஸ்ட் அலர்ஜி.

ஆக, செயற்கைப் பஞ்சு. இதற்கு ராணுவ வம்சம் உண்டு. வியட்நாம் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கொடுத்த பாலியஸ்டர் போர்வையை இன்றும் ஹம்மாக்கின் அடியில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நனைந்தாலும் கைவிடாத பஞ்சு வேண்டும் என்று அமெரிக்க ராணுவம் கேட்டதில் 1980-களில் பிறந்தது பிரைமாலாஃப்ட். வீட்டில் தைப்பவர்கள் பெரும்பாலும் கைகாட்டுவது கிளைமாஷீல்ட் ஏபெக்ஸ்.

திருப்பூரில் எக்ஸ்போர்ட் கம்பெனி வைத்திருக்கும் மச்சானிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "அட, நம்ம வாடிங்குதானுங்க மாப்ளே! குடோன்ல கெடக்குது, ஒரு ரோல் அனுப்பட்டுங்களா?" என்றார். வித்தியாசம் இழையில் இருக்கிறது. வாடிங் என்கிற விரிப்புப் பஞ்சு பலவற்றில் இழை துண்டு துண்டாக இருக்கும். ஏபெக்ஸில் அறுபடாமல் நீளும். அது உதிர் உப்புமா, இது இடியாப்பம். உப்புமா சரியாமலிருக்கக் குறுக்கும் நெடுக்கும் தையல் போட வேண்டும், ஒவ்வொரு தையல் கோட்டிலும் பஞ்சு நசுங்கிக் குளிர் உள்ளே வரும். இடியாப்பத்துக்கு ஓரத்தில் மட்டும் தைத்தால் போதும்.

"சரிங்க, ஜிஎஸ்எம் எவ்வளவு?" என்றார் மச்சான். அதாவது, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். அமெரிக்காவில் ஒரு சதுர கஜத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்பார்கள். 34-ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம் வந்துவிடும். 2.5 அவுன்ஸ் என்றால் 85. 5 அவுன்ஸ் என்றால் 170.

கதகதப்புக்கும் ஓர் அளவை உண்டு: க்ளோ. 1941-இல் வந்தது. 21 டிகிரி அறையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சௌகரியமாக இருக்கிற உடுப்பு 1 க்ளோ. 21 டிகிரிக்கு நம் ஊரில் குரங்குக் குல்லா எடுத்துவிடுவோம் என்பது அந்த விஞ்ஞானிகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஏபெக்ஸ் அவுன்ஸுக்குச் சுமார் 0.8 க்ளோ. அனுபவஸ்தர்கள் கணக்கில் 2.5 அவுன்ஸ் 10 டிகிரி வரை தாங்கும், 3.6 அவுன்ஸ் 4 டிகிரி வரை, 5 அவுன்ஸ் உறைநிலை வரை. இதெல்லாம் பனியில் சறுக்கி வளர்ந்தவர்களின் முதுகில் அளந்தது. திருப்பூர் நொய்யல் கரை முதுகுக்கு ஒரு படி கூட்டிக்கொள்ள வேண்டும். நான் 5 அவுன்ஸே வாங்கினேன். ஆறரை அடிக்கு நாலடி போர்வைக்குப் பஞ்சு மட்டும் 400 கிராம் சொச்சம்.

தைப்பது தலையணை உறை மாதிரிதான். மெல்லிய ரிப்ஸ்டாப் நைலான் துணி இரண்டை நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி வைத்து, மேலே பஞ்சை விரித்து, மூன்று பக்கம் ஓட்டி, உள்வெளியாகத் திருப்ப வேண்டும். பஞ்சு மெஷினின் பிரஸ்ஸர் ஃபுட்டில் சிக்கி இழுக்கும். மேலே டிஷ்யூ பேப்பரை வைத்து ஓட்டிவிட்டுப் பிறகு கிழித்தெடுத்தால் தொல்லையில்லை. வெட்டிய துணுக்குகள் கறுப்பு பேன்ட்டில் ஒட்டிக்கொண்டு மறுநாள் ஆபீஸுக்கும் கூடவே வரும். ஓரங்களில் எலாஸ்டிக் கயிறு போக வழி விடுங்கள்: போர்வை ஹம்மாக்கைத் தொட்டும் நசுங்காமலும் நிற்க வேண்டும். நடுவே இடைவெளி விழுந்தால் எத்தனை க்ளோ இருந்தும் காற்றுக்குத்தான் கொண்டாட்டம். வீட்டுக்கு வந்ததும் சுருட்டி அமுக்கி வைக்காதீர்கள். அமுங்க அமுங்க உப்பல் போய்விடும்.

2.5 அவுன்ஸா, 5 அவுன்ஸா என்று குழம்புகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: கனமானதை வாங்குங்கள். புழுங்கினால் கயிற்றைத் தளர்த்திக் காற்று விட்டுக்கொள்ளலாம்; நடுங்கினால் நடுராத்திரியில் பஞ்சு விற்கும் கடை எந்தக் காட்டிலும் திறந்திருக்காது.