முடிவு தெரிந்த பந்தயம்

கேள்வி: எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று முன்பே தெரிந்த ‘செக்ரட்டேரியட்’ படத்தைப் பார்ப்பதில் என்ன சுவாரஸ்யம்?

பதில்: ராமன்தான் ஜெயிப்பான் என்று தெரிந்தே விடிய விடியக் கதாகாலட்சேபம் கேட்ட பரம்பரையில் வந்த நமக்கு இந்தச் சந்தேகம் எழலாமா? நோயுற்ற தந்தையின் குதிரைப் பண்ணையை ஏற்று நடத்திய பென்னி செனரியின் மனோதிடத்தை டயான் லேன் அழகாகவே காட்டுகிறார். ஆனால் என் ஹிருதயத்தைக் கொள்ளைகொண்டது, அமெரிக்காவில் 25 வருஷங்களாக எந்தக் குதிரைக்கும் கிட்டாதிருந்த மும்மகுடத்தை (மூன்று பெரும் பந்தயங்களிலும் வெற்றி) நாடி, 1973 ஜூன் 9 அன்று பெல்மான்ட் மைதானத்தில், அடுத்து வந்த குதிரையை 31 குதிரை நீளம் பின்னே விட்டுவிட்டு, செக்ரட்டேரியட் என்ற அந்தச் செவலைக் குதிரை தன்னந்தனியாகப் பாய்ந்து வரும் காட்சிதான். அன்று ஒன்றரை மைலை அது கடந்த நேரம் 2 நிமிஷம் 24 விநாடி. அந்தச் சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை.