நாய்களுக்கு நடுவே ஒரு நடை

கேள்வி: நினைவுச்சின்னம் என்றால் ஒரு சிலை, ஒரு பீடம் போதாதா? நடைபாதை எதற்கு?
(வாசகர், கும்பகோணம்)

பதில்: சிலைக்கு மாலை போட்டதும் நம் வேலை முடிந்துவிடுகிறது. நடைபாதையில் நம் காலுக்கும் வேலை உண்டு!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரின் நடுவே கெல்லி இங்ரம் பூங்கா இருக்கிறது. நிறவெறிச் சட்டங்களை எதிர்த்து 1963 மே மாதம் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போன இடம். அவர்கள் மீது போலீஸ் நாய்களை ஏவியது. தீயணைப்புக் குழாய்களால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். பூங்காவைச் சுற்றிவரும் ‘சுதந்திர நடை’ 1992இல் திறக்கப்பட்டது. சிற்பி ஜேம்ஸ் டிரேக் ஒரு காரியம் செய்தார், பாருங்கள். பாதையின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் உலோக நாய்கள் பல்லைக் காட்டிப் பாய்கின்றன. நடுவில் நடப்பவர் நாம். எந்தப் பாடப்புத்தகமும் அந்தப் பயத்தை இப்படி உடம்பில் ஏற்றாது.

நாய்களை ஏவச் சொன்ன அதிகாரி புல் கானருக்கு அங்கே சிலை இல்லை. நாய்களுக்கு இருக்கிறது. மிகச் சரியான மரியாதை!

எதிரே 16ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயம். 1963 செப்டம்பர் 15 அன்று குண்டுவெடிப்பில் அங்கே இறந்த நான்கு சிறுமிகளுக்கு, 2013இல் எலிசபெத் மெக்வீன் வடித்த சிற்பம் பூங்காவில் சேர்ந்தது.

போனால் பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். ஊர்வலம் போனவர்களில் பலர் அவர்கள் வயதுக்காரர்கள்தான்.