ஒரு நபர், ஒரு கம்பெனி, ஏகமனதான தீர்மானம்

லோகோ வரைந்து பிழைக்கக் கிளம்பிய தம்பிக்கு இன்னும் ஒரு பில்லும் வசூலாகவில்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் 'டைரக்டர்' என்று போட்டாக வேண்டும். பிரைவேட் லிமிடெட் என்றால் இரண்டு பேர் வேண்டும். மச்சானை நம்ப முடியாது. இருக்கவே இருக்கிறது, 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம் அருளிய 'ஒரு நபர் கம்பெனி'.

ஒரே டைரக்டர் என்றால் போர்டு கூட்டம் கூட்ட வேண்டியதில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் தீர்மானத்தைத் தானே எழுதி, தானே கையெழுத்திட்டு, தேதி போட்டால் அன்றைக்குக் கூட்டம் நடந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எதிர்ப்பு ஓட்டுக்கு வழியே இல்லை. தான் செத்தால் கம்பெனி யாருக்கு என்று நாமினியை மட்டும் தொடங்கும்போதே சொல்லிவிட வேண்டும். (கல்யாணம் ஆகாத பையன், அம்மாதான் சம்மதக் கையெழுத்துப் போட்டார்.) வரவு இருக்கிறதோ இல்லையோ, வருஷா வருஷம் ஆடிட் கட்டாயம். ஆடிட்டருக்காவது வருமானம் நிச்சயம்.

தனி உரிமையாளராகத் தொடங்கினால் பான் கார்டும் பேங்க் கணக்கும் போதும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பெரும்பாலும் ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படாது. "கடன் வந்தால் சொந்தச் சொத்தும் போய்விடுமே, அண்ணே!" என்கிறான். அவனுடைய சொத்து ஒரு லேப்டாப். அதற்கும் தவணை பாக்கி.