வியர்க்காமல் வூஷு

வூஷுவில் தேறுவதற்குச் சீனர்கள் வைத்திருக்கும் வழி பழையது, சிரமமானது, அதைவிட முக்கியமாக, விடியற்காலையில் எழுந்திருக்கச் சொல்வது. ஜெட் லீயை எட்டு வயதில் பெய்ஜிங்கில் ஒரு விளையாட்டுப் பள்ளியில் போட்டார்கள். 1974-இல், பதினொரு வயதில், வெள்ளை மாளிகைப் புல்வெளியில் அதிபர் நிக்சன் முன்னால் செய்து காட்டினார். இரண்டுக்கும் நடுவில் இருந்த மூன்று வருடமும் அந்தப் பையன் காலை நீட்டினான், மடக்கினான், நின்றான், மறுபடி நீட்டினான். நமக்கு ஆபீஸ் இருக்கிறது, பிள்ளைகளின் டியூஷன் இருக்கிறது, முழங்கால் வேறு இருக்கிறது. ஆகவே அந்த மூன்று வருடத்தை மட்டும் கழித்துவிட்டு, மீதியை அப்படியே வைத்துக்கொள்ளும் முறை ஒன்றைக் கீழே தந்திருக்கிறோம். படிப்படியாகப் பின்பற்றவும்.

1. முதலில் பாத்தியதையை நிலைநாட்டுங்கள்

வகுப்பில் கால் வைத்ததும் சொல்ல வேண்டிய வாக்கியம்: "இது நம்ம ஊர்க் கலைங்க." போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து போனார், ஷாவ்லின் துறவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார், 2011-இல் சூர்யாவே '7ஆம் அறிவு' படத்தில் நடித்துக் காட்டிவிட்டார். ரத்தத்தில் ஓடுவதை மறுபடி பீஸ் கட்டிப் படிப்பானேன்?

பக்கத்தில் நாலு புத்தகம் படித்தவர் யாராவது இருந்தால் மட்டும் கொஞ்சம் உஷார். போதிதர்மர் பெயரில் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூல் அவருக்கு ஆயிரம் வருடம் பிந்தி, 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது என்பார். டாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930 வாக்கிலேயே இந்தக் கதையை நிராகரித்துவிட்டார் என்பார். இன்று போட்டிகளில் பார்க்கும் வூஷு, பழைய பாணிகளைத் திரட்டி 1950-களிலிருந்து சீன அரசின் விளையாட்டுத் துறை வகுத்த வடிவம் என்றும் சொல்வார். பொறுமையாகத் தலையாட்டிவிட்டு, "அதெல்லாம் மறைச்சிட்டாங்க சார்" என்று முடித்துவிடுங்கள். அதே போதிதர்மர் கதையில் அவர் ஒன்பது வருடம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார் என்றும் வருகிறது. அந்தப் பகுதியை மட்டும் கிளறாதீர்கள். மாஸ்டர் காதில் விழுந்தால் அவருக்குப் புதிதாக யோசனை வந்துவிடும்.

2. சாமான் வாங்குங்கள்

பயிற்சி தொடங்குவதற்கு முன்பே கருவிகள் வந்துவிட வேண்டும். சிவப்பும் நீலமும் கோடு போட்ட ஃபெய்யுவே கேன்வாஸ் ஷூ, பளபளவென்று பட்டுச் சட்டை, இடுப்புக்கட்டு, குஞ்சம் தொங்கும் வாள். போட்டி விதிகள் இங்கே மிகவும் தாராளம். உங்கள் திறமையை விசாரிப்பதில்லை, உயரத்தை மட்டுமே கேட்கின்றன. வாளை இடது கையில் தலைகீழாகப் பிடித்து நின்றால் முனை காது உயரத்துக்கு வர வேண்டும். கம்பு உங்கள் உயரத்துக்குக் குறையக்கூடாது. ஈட்டியோ, நீங்கள் கையை மேலே தூக்கி நின்றால் நடுவிரல் நுனி எங்கே போகிறதோ, குறைந்தது அவ்வளவு நீளம். ஹாலில் ஈட்டி பழகுபவர்கள் முதலில் மின்விசிறியை நிறுத்திவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.

சட்டையைப் போட்டு, வாளோடு ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் புரொஃபைலில் வைத்ததுமே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

3. மானசீக குரு

நடிகர்களில் ஒருவரை மானசீக குருவாக ஏற்றுக்கொள்ளலாம். புரூஸ் லீ ஹாங்காங்கில் கற்றது விங் சுன், ஜாக்கி சான் வளர்ந்தது சீன இசை நாடகப் பள்ளியில், மூவரில் வூஷு மைதானத்திலிருந்து வந்தவர் ஜெட் லீ ஒருவர்தான் என்றெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டாம். மூன்று பேரும் குதிக்கிறார்கள், அது போதும். 1982-இல் வந்த 'ஷாவ்லின் டெம்பிள்' படத்தைப் பார்த்துவிட்டு ஏகப்பட்ட சீனச் சிறுவர்கள் கோயிலைத் தேடி ஹெனான் மாகாணத்துக்கே கிளம்பிப் போனார்கள். அந்தக் கோயில் இருக்கும் டெங்ஃபெங்கில் இன்றைக்கும் பல்லாயிரம் மாணவர்கள் பயிற்சிப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். போன பையன்களுக்கு முதலில் கிடைத்தது கேமரா இல்லை, மாபு. அதைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

4. குதிரையில்லாத குதிரைச் சவாரி

வூஷு வகுப்பின் மிகப் பெரிய இடைஞ்சல் மாபு என்னும் குதிரை நிலை. பாதங்களுக்கு நடுவே மூன்று பாத அளவு இடைவெளி. கால்விரல்கள் நேர் முன்னே. தொடை தரைக்கு இணையாக இறங்க வேண்டும். முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இரண்டு முஷ்டியும் உள்ளங்கைப் பக்கம் மேலே பார்க்க இடுப்பில். குதிரை மேல் உட்கார்ந்த மாதிரியே இருக்கும், குதிரைதான் இருக்காது.

முதல் பத்து விநாடி, இதற்கா இவ்வளவு அலட்டல் என்று தோன்றும். இருபதாவது விநாடியில் முழங்காலுக்கு மேலே இளஞ்சூடு. முப்பதில் தொடை தானாக ஆட ஆரம்பிக்கும். நிறுத்தச் சொன்னால் நிறுத்தாது. அதற்கப்புறம் உடம்பு உங்களைக் கேட்காமலே சில ஏற்பாடுகளைச் செய்துகொள்ளும். வலது கால்விரல்கள் மெல்ல வெளிப்பக்கம் திரும்பும், இடுப்பு ஓர் அங்குலம் எழும், நெஞ்சு முன்னால் சாயும். நாற்பதாவது விநாடியில் நீங்கள் குதிரைச் சவாரி செய்யவில்லை, பஸ்ஸில் யாரோ எழுந்திருப்பதற்காகக் காத்திருக்கிறீர்கள்.

அனுபவசாலிகள் கையாளும் நிவாரணங்கள்:

மாஸ்டர் முதுகைத் திருப்பும்போது எழுந்து, திரும்பி வரும்போது இறங்குவது. இதற்குக் காது கூர்மையாக இருக்க வேண்டும்.

ஷூ லேஸ். கட்டியிருப்பதையும் அவிழ்த்துக் கட்டலாம்.

தண்ணீர். "டிஹைட்ரேஷன் ஆயிடும் மாஸ்டர்" என்றால் எந்த மாஸ்டரும் மறுக்க மாட்டார்.

இருபது நிமிடம் தாமதமாக வருவது. குதிகாலைக் கம்பியில் வைத்து, பாத நுனியைத் தன் பக்கம் இழுத்து, முழங்காலை மடக்காமல் நெற்றியை அதன் பக்கம் கொண்டுபோகும் அந்தக் காட்சியும் இதனால் சேர்ந்தே தவறிப்போகும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மாபு முடிந்தால் விட்டார்களா என்றால் இல்லை. முன்காலை மடக்கிப் பின்காலை நீட்டும் கோங்பு, ஒரு காலில் குந்தி மறு காலைத் தரையோடு நீட்டும் பூபு, எடையெல்லாம் பின்காலில் நிற்கும் ஷூபு, கால்களைப் பின்னிக் குந்தும் ஷியெபு என்று இன்னும் நாலு இருக்கின்றன. ஐந்தையும் கோத்து வூபுசுவான் என்று ஒரு சின்ன வரிசை. ஒரு குத்து, ஓர் உதை, ஒரு தடுப்பு என்று போய் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கற்றுக்குட்டிக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். அவர் எப்படித் தேறியிருக்கிறார் என்று பார்க்கவும் இதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். நீங்கள் ஒரே நாளில் வரிசையை மனப்பாடம் செய்துவிட்டு, "இது வந்துடுச்சு மாஸ்டர், அடுத்தது?" என்று கேளுங்கள்.

5. திருத்த வந்தால்

மாஸ்டர் உங்கள் முழங்காலைத் தட்டி, "உள்ளே விழுது, வெளியே தள்ளு" என்பார். பதில் தயாராக இருக்க வேண்டும்.

"முன்னாடி இருந்த மாஸ்டர் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்."

"யூடியூப்ல வேற மாதிரி செய்றாங்களே?"

"எனக்கு உடம்பு வாகே அப்படி."

மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிவந்தால் சில மாதங்களில் மாஸ்டர் உங்கள் பக்கம் வருவதையே விட்டுவிடுவார். இந்த வழிகாட்டியின் முதல் பெரிய வெற்றி இதுதான். வாழ்த்துகள்.

6. பறங்கள்

இனிமேல் தடையில்லை, நேரே ஆகாயத்துக்குப் போகலாம். வூஷு என்றால் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அந்தச் சுழல் உதைதான். எகிறி, காற்றில் முழுச் சுற்று சுற்றி, காலால் கையைப் பட்டென்று அறைந்து இறங்குவது. முதலில் 360 பாகை, பிறகு 540, பிறகு 720.

நடுவர்கள் கணக்கை மட்டும் பார்த்துவிடாதீர்கள், மனசு உடைந்துபோகும். சாங்சுவான் போட்டியில் 14 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம் உள்ள கம்பளத்தில், குறைந்தது 1 நிமிடம் 20 விநாடி செய்ய வேண்டும். கடின அசைவுகளோடு நடக்கும் சர்வதேசப் போட்டிகளில் மொத்தம் 10 புள்ளி. அதில் ஒவ்வோர் அசைவும் சுத்தமாக இருக்கிறதா என்பதற்கு 5. வேகம், வலு, தாளம் என்று ஒட்டுமொத்தத் தோற்றத்துக்கு 3. ஊரே வாயைப் பிளந்து பார்க்கும் அந்தத் தாவல்களுக்கும் அவற்றிலிருந்து இறங்கும் இணைப்புகளுக்கும் சேர்த்து 2. அதாவது ஒழுங்காக நிற்பதற்கு ஐந்து, பறப்பதற்கு இரண்டு. நிலை பிசகினால் 0.1 போகும், விழுந்தால் 0.3 போகும். தாவி இறங்கித் தள்ளாடினால் அந்தத் தாவலின் புள்ளியும் சந்தேகந்தான். இப்படி ஒரு கருமித்தனமான ஏற்பாட்டை யார் செய்தார்களோ, தெரிந்துதான் செய்திருக்கிறார்கள்.

நாம் இதற்கெல்லாம் அசரப்போவதில்லை. போனை மதில் மேல் சாய்த்து வைத்து, மொட்டைமாடி சிமென்ட் தரையில் ஓடிவந்து எகிறவும். எகிறுவது எல்லாருக்கும் வரும், நிலத்தில் இறங்குகிற இடத்தில்தான் கொஞ்சம் சிக்கல். சுற்று முடிவதற்குள் பாதம் தரையில் பட்டு நின்றுவிடும். உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச்சேராது, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் அகப்படுவது முழங்கால். மாபுவில் முழங்காலை வெளியே தள்ளச் சொல்லி அந்த மனிதர் ஏன் உயிரை எடுத்தார் என்பது எலும்பு முறிவு டாக்டரின் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும்போது விளங்கும். அங்கே யோசிப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

7. மெதுவானதுக்கு மாறுங்கள்

முழங்கால் கட்டோடு வரும் அன்பர்களுக்குத் தாய்ச்சி இருக்கிறது. பூங்காவில் தாத்தா பாட்டிகள் செய்கிறார்களே, அது என்ன பெரிய விஷயம்? 1956-இல் பொதுமக்களுக்காகவே சுருக்கிய 24 அசைவுகள் கொண்ட வரிசைகூட இருக்கிறது.

இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. வேகமாகச் செய்தால் எந்தத் தப்பும் கண்ணில் படுவதற்குள் கடந்துபோய்விடும். மெதுவாகச் செய்தால் முழு உடம்பும் ஒற்றைக் காலில் தொங்க, மறு கால் சாவகாசமாக அடுத்த இடத்துக்குப் போகும். நிற்கிற கால் யாருடையது? உங்களுடையது. குதிரை நிலையிலிருந்து தப்பி வந்தவர் மறுபடி அதே தொடைகளிடமே மாட்டிக்கொள்வார். பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசிக்கொண்டே செய்து முடித்திருப்பார்.

8. விவாதத்தில் இறங்குங்கள்

உடம்பால் செய்ய ஒன்றும் மிச்சமில்லை என்றால் வாய் இருக்கிறது. வூஷுவில் இரண்டு பிரிவு: வரிசைகளைச் செய்து காட்டும் தாவ்லு, மோதிப் பார்க்கும் சாண்டா. தாவ்லுக்காரர்களிடம் போய், "இதெல்லாம் டான்ஸ்தானே, தெருச்சண்டைக்கு உதவுமா?" என்று கேளுங்கள். சாண்டாக்காரர்களிடம், "இது பாக்ஸிங்தானே, இதுல சீனா எங்க இருக்கு?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்வியைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கவும். குத்து, உதையோடு தூக்கி எறிவதும் அங்கே அனுமதி. மேடை தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரம், விளிம்பில் கயிறு கிடையாது. ஒரே சுற்றில் இரண்டு தரம் கீழே விழுந்தால் சுற்று போச்சு.

ஆசிய விளையாட்டில் வூஷு 1990-இல் பெய்ஜிங்கில் நுழைந்தது. அதே ஆசிய விளையாட்டில் மணிப்பூரின் ரோஷிபினா தேவி 2018-இல் சாண்டாவில் வெண்கலம் வாங்கினார், 2023-இல் ஹாங்சோவில் வெள்ளி வாங்கினார். தெருச்சண்டைக்கு உதவுமா என்ற கேள்வியை அவரிடம் கேட்க விரும்புபவர்கள் தாராளமாகக் கேட்கலாம். கேட்டவர்கள் பிறகு எங்களுக்கு எழுதவும்.

9. முன்னேற்றத்தை அளக்கும் முறை

எத்தனை வரிசை தெரியும் என்று எண்ணுங்கள், எப்படித் தெரியும் என்று பார்க்காதீர்கள். வெறுங்கையில் மூன்று, வாளில் இரண்டு, கம்பில் ஒன்று, பாதியில் நிற்கும் ஈட்டி ஒன்று என்று பட்டியல் நீளட்டும். அடிப்படையை விட்டுவிட்டு வரிசையை மட்டும் பழகினால் கிழவனான பிறகு கையில் ஒன்றும் மிஞ்சாது என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. கிழவனாவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

எச்சரிக்கை

இவ்வளவு சொல்லியும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒருவர் இருவர் கெட்டுப்போகத்தான் செய்கிறார்கள். நேரத்துக்கு வந்துவிடுவார்கள். பழைய டி-ஷர்ட். வாள் கிடையாது, கடன் வாங்கிய கம்பு. குதிரை நிலையில் தொடை ஆட ஆட நிற்பார்கள். அதே வூபுசுவானை ஆறு மாதமாகச் செய்துகொண்டிருப்பார்கள், கேட்டால், "இன்னும் அந்த பூபு சரியா வரலைங்க" என்பார்கள். இவர்களுக்காவது மாஸ்டர் ஒரு பாராட்டுச் சொல்வாரா என்றால், பக்கத்தில் வந்து நின்று, மேலும் கீழும் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கீழே" என்பார். கீழே போனால், "இன்னும்" என்பார். தேறத் தேறத் திட்டுதான் கூடுகிறது.

உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்களை அவர் திருத்துவதை நிறுத்திப் பல மாதம் ஆகிறது.