தாத்தா திருப்பித் தராத பைஜாமா

மற்ற ஊர் வரலாறுகளில் ராஜா யானைமேல் வருவார். மும்பைத் தமிழர் வரலாற்றில் யானை கிடையாது, எலிதான். 1896இல் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் தலைகாட்டியது. எலிகள் செத்தன, ஜனங்கள் செத்தார்கள், ஓட முடிந்தவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடினார்கள். பம்பாயை ஆண்ட துரைமார்களுக்கு அப்போதுதான் ஞானோதயம் வந்தது: ஏழைகளுக்கும் மூக்கு இருக்கிறது, அதற்குக் காற்று வேண்டும். 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை ஏற்படுத்தினார்கள். நெரிசலான இடங்களை இடித்தார்கள். வடக்கே தாதர், மாட்டுங்கா பக்கம் நூல் பிடித்து வீதி போட்டு, மரம் நட்டு, மனை பிரித்தார்கள்.

ஏழைகளுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று திட்டம் போட்ட இடத்தில் ஏழைகள் குடியேறவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற தமிழ்க் குமாஸ்தாக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேர் சேர்ந்தால் சபா, மூன்று பேர் சேர்ந்தால் பள்ளிக்கூடம், நாலாவது ஆள் வந்ததும் சபாவில் பிளவு என்று சமூகம் செழித்தது. 1932இல் எஸ்.ஐ.இ.எஸ். என்னும் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பிறந்தது. 1940இல் கஃபே மெட்ராஸ், 1942இல் ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங். இந்த இரண்டு கடைகளையும் நடத்தியவர்கள் தென் கன்னடத்துக்காரர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அந்த வீதிகளுக்கு ஆகாத வேலைகளெல்லாம் தண்டவாளத்துக்கு மேற்கே, மாஹிம் கழிமுகத்தை ஒட்டிய சதுப்பில் போய் விழுந்தன. அதற்குப் பெயர் தாராவி. தோல் பதனிடும் தொட்டிகள் அங்கேதான் இருந்தன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலை தெரிந்த முஸ்லிம்கள் வந்தார்கள். ஊரில் தோலைத் தொட்டதற்காகவே தள்ளிவைக்கப்பட்ட எங்களைப் போன்றவர்களும் வந்தார்கள். மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் நடுவே இருப்பது ரயில் பாதையும் ஒரு பணிமனையும்தான். ஆனால் ரொம்ப காலம் அது சர்வதேச எல்லை. ஒரே ரயிலில் வந்து தாதரில் இறங்குவார்கள். இறங்கியதும் ஒருவரை ஒருவர் தெரியாது.

என் தாத்தா இறங்கியது ஐம்பதுகளில். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஓர் ஊர்க்காரரின் முகவரி. தாராவியில் அன்றைக்கு எந்த வீட்டிலும் முதல் கேள்வி "சாப்பிட்டியா?" இல்லை, "எந்த ஊருலே?" என்பதுதான். பதில் சரியாக இருந்தால் சோறு தானாக வரும். ஊர்க்காரர் அறை பத்துக்குப் பத்து. பாயின் சூடு ஆறுவதற்குள் அடுத்த ஷிப்ட்காரர் வந்து படுத்துவிடுவார். அந்த அறையின் ஒரே அசையும் சொத்து, ஆணியில் தொங்கிய ஒரு பேண்ட். யாருக்காவது வேலைக்கு நேர்காணல் என்றால் அதை முந்தின ராத்திரி டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்து மடிப்பு எடுப்பார்கள். உயரமானவர் போட்டால் கணுக்கால் முழுக்கத் தெரியும். குட்டையானவர் போட்டால் பேண்ட் முதலில் ஆபீசுக்குப் போய்ச் சேரும், அவர் பின்னால் வருவார். தெருமுனை டெய்லர் ஆளுக்குத் தக்கபடி ஓரத்தைப் பிரிப்பதும் மடித்துத் தைப்பதுமாக இருந்தார். கூலி, வேலை கிடைத்த பிறகு. கிடைக்காவிட்டால் கூலியும் கிடையாது.

தாத்தாவுக்கு வேலை கிடைத்தது, பேண்ட் அடுத்தவருக்குக் கிடைத்தது. இதை யாரும் தியாகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பேண்டின் சொந்தக்காரர் அதற்குப் பதிலாக ஆயுள் முழுக்க ஓர் உரிமையை வைத்துக்கொண்டார். கல்யாணமோ கருமாதியோ, தாத்தாவைப் பார்த்ததும் நாலு பேர் கேட்க, "என் பேண்ட்ல வேலைக்குப் போன பய" என்பார். தாராவியில் உதவி இலவசம்தான். அதைச் சொல்லிக்காட்டுவதற்குத்தான் வட்டி.

பிறகு 1966 வந்தது. ஜூன் 19ஆம் தேதி சிவசேனா பிறந்தது. அதற்கு முன்பே பால் தாக்கரேயின் 'மார்மிக்' வார இதழ், கம்பெனிகளில் உத்தியோகம் பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களை டெலிபோன் டைரக்டரியிலிருந்து பொறுக்கிப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது. தாராவிக்காரர்கள் யாரும் அதில் இல்லை. எங்களிடம் டெலிபோன் ஏது? வறுமை எங்களுக்குச் செய்த ஒரே உபகாரம் அது. ஆனால் கல்லெறிகிறவன் டைரக்டரி பார்த்து எறிவதில்லை. லுங்கி கட்டியவனை விரட்டு என்பதுதான் கோஷம். உடுப்பி ஓட்டல்கள் மதராஸிக் கடைகள் என்று அடிவாங்கின. அவர்கள் கன்னடமும் துளுவும் கொங்கணியும் பேசுகிறவர்கள் என்று யாரும் பூகோளப் பாடம் எடுக்கவில்லை. தென்னிந்தியா முழுவதையும் முதன்முதலில் ஒரே மாநிலமாகச் சேர்த்த பெருமை சிவசேனாவுக்கே. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்து மாமாவும் இந்தப் பக்கத்து என் தாத்தாவும் ஒரே ஜாதியானது அந்த வருஷங்களில்தான். எந்தச் சீர்திருத்தவாதியாலும் முடியாத காரியம் இது.

அந்தக் கலவர நாட்களில் ஒரு சாயங்காலம் தாத்தா லுங்கியோடு சந்தில் மாட்டிக்கொண்டார். பக்கத்து வீட்டு மராத்திக்காரம்மா, நாங்கள் பிற்பாடு ஆஜி என்று கூப்பிட்ட பாட்டி, அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துத் தன் புருஷனின் பைஜாமாவைக் கொடுத்தாள். தாத்தா அதைப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு மராத்திப் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் கடந்து போனது. அவர் உயிர் பிழைத்தது பைஜாமாவாலா, எழுத்துத் தெரியாத கூட்டம் என்பதாலா என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. பைஜாமாவை அவர் திருப்பித் தரவில்லை. கேட்டால், "இன்னும் நிலைமை சரியாகல" என்பார்.

1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலை வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டரை லட்சம் தொழிலாளர்கள். ஆலைகள் பல திரும்பத் திறக்கவே இல்லை. ஆஜியின் புருஷனுக்கு மில்லில்தான் வேலை. குடிசையை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, எங்கள் வீட்டின் மேல் புதிதாக எழுப்பியிருந்த தகர மாடிக்குக் குடிவந்தார்கள். டெபாசிட் எவ்வளவு என்று ஆஜி கேட்டாள். "பைஜாமா கணக்குல போச்சு" என்றார் தாத்தா. மண்ணின் மைந்தன் மதராஸி வீட்டில் குடித்தனக்காரன் ஆனான். இதை யாரும் பத்திரிகையில் பட்டியல் போடவில்லை.

அந்த மாடிக்காரக் குடும்பத்தின் பேரன்தான் என் சிநேகிதன். செங்குத்தான இரும்பு ஏணியில் அவன் இறங்கினால் என் தலைமேல்தான் கால் வைக்க வேண்டும், வைப்பான். மூன்றாவது ஆள் தோல்கடைக்காரன், பைகள் தைக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். மூவரும் கிரிக்கெட் ஆடிய சந்தின் அகலத்தில் ஒரு பேட்ஸ்மேன் கையை நீட்டினால் இரண்டு வீட்டு ஜன்னலிலும் டீ வாங்கலாம். நேராக அடித்தால் மட்டும்தான் ரன். எங்களைப்போல நேர்மையான ஸ்ட்ரோக் ஆடியவர்கள் சிவாஜி பார்க்கிலும் கிடையாது.

நான் படித்தது மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி. பாடநூலை அடிப்பது மகாராஷ்டிர அரசு. ஆகவே நான்காம் வகுப்பு வரலாறு முழுக்கச் சத்ரபதி சிவாஜி. அப்சல்கானின் வயிற்றில் புலிநகம் பாய்ந்ததைச் சுத்தத் தமிழில் மனப்பாடமாகச் சொல்வேன். மாடிக்காரன் மராத்தியில் அதையே படித்தான். சண்டை வந்தால் அவன், "உன் கிராமத்துக்குப் போடா" என்பான். நான் ஒருநாள் வாத்தியாரிடம் கேட்டுக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தேன்: சிவாஜிக்கு மாற்றாந்தாய் வயிற்றுத் தம்பி ஏகோஜி 1670களில் தஞ்சாவூருக்குப் போய் அரண்மனையில் உட்கார்ந்தார். அந்த வம்சம் 1855 வரை எழுந்திருக்கவில்லை. அவர்களிடம் யாரும் ரேஷன் கார்டு கேட்டதில்லை. "உங்க ஆளு தஞ்சாவூருல இருந்தது நூத்தி எண்பது வருஷத்துக்குக் கிட்ட. நாங்க வந்து அதுல பாதிகூட ஆகல. பாக்கி நாள் இருந்துட்டுப் போறோம்லே." மாடிக்காரன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவங்க ராஜாவா போனாங்க, நீங்க இட்லி விக்க வந்தீங்க" என்றான். தோல்கடைக்காரன் தீர்ப்புச் சொன்னான்: "ராஜா போனதுல இவனுக்கு என்ன கிடைச்சுது? இட்லி வந்ததுல உனக்கு தினம் நாலு கிடைக்குதே." வழக்கு தள்ளுபடி.

இட்லி விஷயம் அவன் சொன்னதுதான். விடியற்காலை நாலு மணிக்கு எங்கள் சந்து முழுக்க ஆவி. அம்மாமார்கள் ஊற்றியெடுக்க, ஆண்கள் அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹார்னைப் பாம் பாம் என்று அடித்தபடி நகரம் முழுக்கக் கிளம்புவார்கள். கல்லூரியில் சேர்ந்தபோது என் டப்பாவிலும் அதுதான். வகுப்பில் பக்கத்து பெஞ்சு மாட்டுங்காக்காரி ஒருத்தி. பாதியை அவள் தின்றாள். மீதியைத் தன் பாட்டிக்கு என்று எடுத்துப் போனாள். மறுநாள் பாட்டியின் சான்றிதழ் வந்தது: "பஞ்சு மாதிரி இருக்கே, எந்த ஆத்துல பண்ணினது?" தாராவி என்று பேத்தி சொன்னாளாம். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்று தலைமுறை ஆசாரம் ஒரு பக்கம், தேய்ந்துபோன முழங்காலும் ஓடாத கிரைண்டரும் மறுபக்கம். பிறகு கேட்டாளாம்: "சட்னி கொடுக்க மாட்டாளாமா?" அடுத்த நாளிலிருந்து சட்னியும் போனது. திரும்பி வரும் டப்பா காலியாக வந்ததில்லை. ஒரு நாள் ரசப்பொடி, ஒரு நாள் நார்த்தங்காய். எல்லையில் வர்த்தகம் தொடங்கியது இப்படித்தான்.

இதெல்லாம் திருநெல்வேலிச் சொந்தங்களுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தாராவி என்றால் 1987இல் வந்த 'நாயகன்', 2018இல் வந்த 'காலா'. இரண்டுக்கும் தாராவியைச் சென்னையிலேயே செட் போட்டு எழுப்பினார்கள் என்றால் நம்ப மாட்டார்கள். ஊருக்குப் போனால், "அங்க இன்னும் வெட்டுக்குத்து உண்டா?" என்று ஆசையாகக் கேட்பார்கள். பொதுக் கழிப்பறை வரிசையில் உண்டு என்று சொல்லி ஏமாற்றியிருக்கிறேன்.

2020 ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி. தொலைக்காட்சிகள் எங்களுக்கு அப்போதே இரங்கல் எழுதி முடித்துவிட்டன. எட்டடி வீட்டில் எட்டுப் பேர், ஆறடி இடைவெளி விடுங்கள் என்று அறிவிப்பு. இடைவெளியை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. மாட்டுங்காக்காரி தன் கட்டடத்துக் காவலாளி வழியாக ஓர் ஆக்சிமீட்டர் அனுப்பினாள். அது எங்கள் வீட்டில் தங்கவே இல்லை. சந்து முழுக்கச் சுற்றியது; தாத்தா காலத்துப் பேண்டுக்குப் பிறகு அத்தனை பேர் விரல் பட்ட பொருள் எங்கள் தெருவில் அதுதான். மாடிக்காரனும் தோல்கடைக்காரனும் மாநகராட்சி ஆட்களோடு வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்த்தார்கள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பாராட்டினார். அந்த அளவுக்கு வரும் என்று தெரிந்திருந்தால் சட்டையையாவது மாற்றியிருப்பேன் என்றான் மாடிக்காரன்.

இப்போது மறுசீரமைப்பு. கணக்கெடுப்பவர்கள் வந்து கதவில் எண் எழுதிவிட்டுப் போனார்கள். விதி எளிது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருக்கிறவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு, இலவசம். மாடியில் இருப்பவர்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. தாராவிக்கு வெளியே, பெருநகரப் பகுதியில் எங்காவது, வாடகை கட்டி வாங்கிக்கொள்ளும் வீடு. அதாவது எந்த லுங்கிக்காரனை இந்த ஊரைவிட்டு விரட்டப் பார்த்தார்களோ, அவனுடைய பேரன் தாராவியில் இருப்பான். அவனுக்குப் பைஜாமா கொடுத்த மராத்திக்காரியின் பேரன் போக வேண்டும். கோஷம் போட்டவர்கள் யாராவது இதற்கும் ஒரு பட்டியல் தயாரிக்கலாம்.

எங்கள் பக்கம் ஒரே ஒரு விண்ணப்பம்தான். கணக்கெடுப்புப் படிவத்தில் ஏணிக்கு ஒரு கட்டம் சேருங்கள். ஒரு தெருவைப் பெயர்த்தால் கீழும் மேலுமாகச் சேர்த்து ஒரே கட்டடத்தில் வையுங்கள். முடியாது என்றால், 1982இல் தாத்தா வாங்காத டெபாசிட்டுக்கும் அதற்கு முன்னால் வாங்கிய பைஜாமாவுக்கும் யார் பொறுப்பு என்று எழுத்தில் கொடுங்கள். கையெழுத்துப் போட நாங்கள் இரண்டு வீட்டாரும் சேர்ந்தே வருகிறோம்.